ஐம்பத்து நான்கு சென்டிமீட்டர் மரியாதை

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று ஒரு பழமொழி இருக்கிறது. அதைச் சொன்ன புண்ணியவான் நிச்சயமாக நீரளவை நிலையத்தில் வேலை பார்த்தவன் இல்லை. அப்படி ஒரு நிலையத்தின் தலைவரான இந்தக் கதையின் நாயகிக்கு அந்தப் பழமொழியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒரு சாண் தண்ணீர் கூடினால் கீழ்த்தெருவில் எத்தனை வீட்டுப் படியேறும், ஒரு முழம் கூடினால் மருத்துவமனையின் எந்தக் கதவு வரை வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சென்டிமீட்டர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனாலும் அது அவள் காதுக்கு வந்து வெகுநாளாயிற்று. மில்லிமீட்டர் என்று வைத்திருந்தால் இன்னும் பொருத்தமாக இருக்கும் என்று குறைப்பட்டுக்கொண்டாளே தவிரக் கோபப்படவில்லை.

ஆறு பக்கத்து நாட்டு மலைகளில் பிறந்து, எல்லைப் பாலத்துக்குக் கீழே நுழைந்து, இந்த ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. தண்ணீரிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. மனிதர்கள் விஷயம் அப்படி இல்லை. இரண்டு நாட்டுக்கும் பத்தொன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ரயில் நின்றது, தபால் நின்றது, விளையாட்டு அணிகள்கூடப் போவதை நிறுத்தின. மிச்சம் இருந்தது ஒரே ஒரு காகிதம். தினமும் காலை ஆறு மணிக்கு அந்த நாட்டின் மேல்நிலையத்திலிருந்து அவர்கள் நீர்மட்டம் இங்கே வரும், இங்கிருந்து நம் ஊர் அணையின் நீர்மட்டம் அங்கே போகும். எல்லைப் பாலத் தூணில் அவரவர் பார்த்த அளவும் கூடவே இருக்கும். மலையில் ஏறிய தண்ணீர் இந்த ஊருக்கு வர எட்டு மணி நேரம் ஆகும். அந்த எண் வந்தால் கீழ்த்தெருவுக்கு எட்டு மணி நேர எச்சரிக்கை. வராவிட்டால் எல்லைப் பாலத்தில் நாமே பார்த்துச் சொல்ல வேண்டியதுதான், அப்போது கிடைப்பது ஒரு மணி நேரம். படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளை ஒரு மணி நேரத்தில் மாடியேற்ற முடியாது. அவர்களுக்கும் நம் எண் தேவைதான். இங்கே மதகை மூடினால் தண்ணீர் பின்னுக்கு ஏறிப்போய் அவர்கள் வயலில் நிற்கும்.

அந்தக் காகிதத்தை அனுப்புகிற அந்த நாட்டு நிலையத் தலைவரை அவள் அக்கரைக்காரர் என்றுதான் சொல்வாள். அவர் கடிதங்களை வைக்கும் கோப்பில், என்றைக்கோ தட்டச்சு செய்தவர் கைத்தவறாக ‘அக்கறை நிலையம்’ என்று அடித்துவிட்டார். ஒரு சென்டிமீட்டர் பிசகினால் ஊரைக் கூட்டுகிறவள், அந்த ஓர் எழுத்துப் பிழையை மட்டும் இத்தனை வருடமும் கண்டுகொள்ளவில்லை.

காகிதத்தின் கடைசிக் கட்டத்துக்குக் ‘குறிப்பு’ என்று பெயர். ‘பலகையில் பாசி. துடைத்தாயிற்று’ என்பது போல அதில் ஏதாவது இருக்கும். ஒருமுறை ஐந்து நாள் தொடர்ந்து ‘வாசிப்பு: உதவியாளர்’ என்று வந்தது. ஆறாம் நாள் ‘வாசிப்பு: நானே’ என்று வந்தது, எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது. வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. என்ன எழுதுவது? எல்லை தாண்டும் ஒவ்வொரு வார்த்தையையும் தலைநகரத்தில் படிக்கிறார்கள். ‘இங்கே மழை இல்லை. ஆறு அமைதியாக இருக்கிறது’ என்று தேவையே இல்லாத ஒரு குறிப்பை எழுதி அனுப்பினாள். அது துக்கம் விசாரித்த கடிதம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தலைநகரத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து இறங்கினார். எல்லை தாண்டும் காகிதங்களுக்கெல்லாம் புதிதாகப் பொறுப்பேற்றவர். முந்நூறு கிலோமீட்டர் காரில் வந்தும் சட்டையில் மடிப்புக் கலையவில்லை. பார்த்த மாத்திரத்தில் அவருக்கு மனசுக்குள் இஸ்திரி என்று பெயர் வைத்துவிட்டாள்.

இஸ்திரி உட்காரும் முன்பே ஆரம்பித்தார். “மேடம், பத்தொன்பது வருஷமா ஒருத்தர் உங்களை ஏமாத்திட்டு இருந்தா உங்களுக்குத் தெரியாம இருக்குமா?”

“என் வீட்டுக்காரரைப் பத்தியா கேக்கறீங்க சார்? அவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.”

அவர் சிரிக்கவில்லை. இரண்டு தாள்களை மேஜையில் வைத்தார். ஒன்று பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய ஒப்பந்தத்தின் பின்னிணைப்பு. இன்னொன்று அவருடைய கணினி போட்ட கணக்கு.

“பாலத்தோட நடுத்தூண்ல அளவுக்கு அடையாளமா ஒரு பித்தளைக் குமிழ் இருக்கு. ஒப்பந்தத்துல அதோட உயரம் போட்டிருக்கு. நம்ம அளவு, இருநூத்தி பதினாலு மீட்டர் ஒம்பது சென்டிமீட்டர். அவங்க அளவு, இருநூத்தி பதினாலு மீட்டர் முப்பத்தாறு. அப்படின்னா ஒரே தண்ணியை அவங்க அளந்தா நம்மளைவிட இருபத்தேழு கூட வரணும். சரியா?”

“ம்.”

“தூண்ல ரெண்டு பேரும் தினமும் ஒரே தண்ணியைத்தான் அளக்கறீங்க. ஆனா அவங்க இருபத்தேழு குறைச்சு சொல்றாங்க. கூட வேண்டிய இருபத்தேழு, குறைச்ச இருபத்தேழு. மொத்தம் எவ்வளவு?”

“ஐம்பத்தி நாலு,” என்றாள். அந்த எண் அவளுக்குப் பழைய சிநேகிதம்.

“வெள்ளத்தைக் குறைச்சுக் காட்டறாங்க மேடம். பத்தொன்பது வருஷமா. நேத்தே கண்டனக் கடிதம் போயிடுச்சு. ‘அக்கரை நிலையத்தின் தரவு பொய்’னு அறிக்கை ரெடியா இருக்கு. நிபுணர்ங்கற முறையில உங்க கையெழுத்துதான் பாக்கி. திங்கள்கிழமையிலிருந்து பரிமாற்றம் கிடையாது.”

“சார், மேலே பனி உருக ஆரம்பிச்சாச்சு. இன்னும் ரெண்டு வாரத்துல தண்ணி வரும். அந்த எண் இல்லாம நான் கீழ்த்தெருவை எப்படிக் காலி பண்றது?”

“பொய்யான எண் இருக்கறதுக்கு எண்ணே இல்லாம இருக்கலாம்.”

“நாளைக்குப் பத்து மணி வரைக்கும் டைம் குடுங்க. கையெழுத்துப் போடறேனா இல்லையான்னு சொல்றேன்.”

“போடறீங்களா இல்லையாங்கறது கேள்வி இல்ல மேடம். எந்தப் பேனாவுலங்கறதுதான் கேள்வி.” இஸ்திரி விருந்தினர் விடுதிக்குப் போய்விட்டார்.

இங்கே நடந்தது என்ன என்று நாம் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்துவிட வேண்டும். உயரம் என்றால் கடல் மட்டத்திலிருந்து உயரம். ஆனால் எந்தக் கடல்? இந்த நாட்டுக்கு ஒரு கடல், அந்த நாட்டுக்கு வேறொரு கடல். கடலெல்லாம் ஒரே மட்டம் என்று நினைப்பவர்கள் கடலை அளந்ததில்லை. அவர்கள் கடல் நம் கடலைவிட இருபத்தேழு சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. அதனால் ஒரே தண்ணீரை நாம் நூறு என்றால் அவர்கள் எழுபத்து மூன்று என்பார்கள். இரண்டும் சரி. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பாலபாடம். இஸ்திரிக்கு இது தொழில் இல்லை.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், நாடுகள் இன்னும் கைகுலுக்கிக்கொண்டிருந்த காலத்தில், அவளும் அக்கரைக்காரரும் அந்தப் பாலத்தில் மூன்று நாள் சேர்ந்து வேலை பார்த்தார்கள். தூணில் குமிழைப் பதித்தார்கள். அவரவர் பக்கத்திலிருந்து அளந்து வந்தார்கள். அவள் கணக்குப்படி குமிழின் உயரம் முப்பத்தாறு. படிவத்தில் எழுதப்போன நேரத்தில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வந்திருப்பவர் விருந்தாளி. அவருக்குப் புரிகிற கணக்கில், அவர் கடலிலிருந்து எழுதிக் கொடுப்பதுதானே மரியாதை? இருபத்தேழைக் கழித்தாள். ஒன்பது என்று எழுதினாள். மேஜையின் அந்தப் பக்கம் அக்கரைக்காரர் அளந்தது ஒன்பது. அவரும் மரியாதை தெரிந்த மனிதர். இந்த அம்மாவின் கடலில் எழுதுவோமே என்று இருபத்தேழைக் கூட்டி முப்பத்தாறு என்று எழுதினார். இருவரும் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டார்கள்.

வாசலில் நீங்கள் முதலில், நீங்கள் முதலில் என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பி நெற்றியில் இடித்துக்கொள்வார்களே, அந்தக் கதைதான். பொறாமையில் செய்த தப்பை யாராவது கண்டுபிடிப்பார்கள். மரியாதையில் செய்த தப்பை யார் சந்தேகப்படுவார்கள்?

ஒரு மாதம் கழித்து அவள்தான் கண்டுபிடித்தாள். உடனே குறிப்புக் கட்டத்தில் எழுதினாள்: ‘மன்னிக்கவும். குமிழ் அளவை உங்கள் கடலில் எழுதிவிட்டேன்.’ மறுநாள் பதில் வந்தது: ‘நானும் உங்கள் கடலில்.’ அன்றைக்கு அவள் தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அடுத்த கூட்டுக் குழுவில் திருத்திவிடலாம் என்று இருவரும் நினைத்தார்கள். அதற்கு அடுத்த வாரம் எல்லையில் துப்பாக்கி வெடித்தது, கூட்டுக் குழு அதன்பிறகு கூடவே இல்லை. ஒப்பந்தம் தப்பாகவே இருந்தது. தினசரி எண்களை மட்டும் இருவரும் சரியான கணக்கில் எழுதி, சரியாகப் படித்துக்கொண்டு வந்தார்கள். ஓர் எண்கூட இதுவரை பொய்யாகப் போனதில்லை.

வீட்டில் அவள் கணவர் சீருடைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நகரப் பேருந்து ஓட்டுநர். கீழ்த்தெரு வழியாக மருத்துவமனை போகும் தடம் அவருடையது. முழுக் கதையையும் கேட்டார். மரியாதை என்ற இடம் வந்ததும் சிரித்த சிரிப்பில் ஊசி விரலில் ஏறிவிட்டது.

“பஸ்ல தினம் நடக்கும்மா இது,” என்றார் விரலைச் சப்பிக்கொண்டே. “ஒரே சீட்டுக்கு ரெண்டு பெரியவங்க நின்னுக்கிட்டு, நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்கன்னு கெஞ்சிக்கிட்டு இருப்பாங்க. நடுவுல மூணாவது ஆள் ஒருத்தன் வந்து உக்காந்துடுவான்.”

“எனக்குச் சிரிப்பு வரலைங்க.”

“அப்போ உள்ளதை உள்ளபடி சொல்லிடேன். ரெண்டு பேர் தப்பும்தான்னு.”

“சொன்னா அவர் கதி என்ன ஆகும்? எதிரி நாட்டுக்காரியோட பத்தொன்பது வருஷமா குறிப்புல பேசி வெச்சுக்கிட்டு மறைச்சார்னு ஆகும். இங்கன்னா வேலை போகும். அங்க என்னென்ன போகும்னு எனக்குத் தெரியாது.”

“என்னதான் பண்ணப் போறே?”

“ஒப்பந்தத்துல பதினோராம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. நிலையத் தலைவர் தன் கைத்தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, கூட்டுக் குழு இல்லாமலே படிவத்தைத் திருத்தலாம். ஆறு மணிக் காகிதத்தோட அந்தப் பக்கம் அனுப்பணும், நகல் தலைநகரத்துக்குப் போகணும். எதிரிகிட்டப் போய் என் தப்புன்னு யார் எழுதிக் குடுப்பாங்க? அதனால இதுவரைக்கும் யாரும் அதைத் தொட்டதில்ல. நான் தொடப் போறேன். ரெண்டு அளவையும் படிவத்துல நான்தான் கட்டம் மாத்தி எழுதிட்டேன், அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு.”

அவர் ஊசியைக் கீழே வைத்தார். “அது பொய்யாச்சே.”

“ஆமா.”

“எங்கம்மா கேட்டப்போ என் எடையைக் கிராம் கணக்குல சொல்லி என் மானத்தை வாங்கினவ நீ. நீயா பொய் சொல்லப் போறே?”

“எண்ணுல பொய் இல்லைங்க. கட்டத்தை மாத்தினா கணக்கு நேராயிடும். ஆளுல மட்டும்தான் பொய்.”

“வேலை போயிடுச்சுன்னா?”

“உங்க பஸ்ல கண்டக்டரா வந்துடறேன்.”

“ஐயோ வேண்டாம்மா. ஸ்டாப்புக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தினேன்னு தினம் என்னைக் கீழே இறக்கி அளக்க வைப்பே.”

இப்போது அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பயமும் இருந்தது, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. அந்த இரண்டு அறை நிலையத்தை, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் அளவுப் பலகையை, ஆறு மணிக் காகிதத்தை அவள் பெற்ற பிள்ளையைப் போல நேசித்தாள். அதை விட்டுப் போக வேண்டிவரலாம். ஆனாலும் முடிவு அசையவில்லை. படுக்கப் போகும்போதே கடிதத்தின் முதல் வரியை மனசில் எழுதியாகிவிட்டது.

சனிக்கிழமை ஐந்தரை மணிக்கே நிலையத்தில் இருந்தாள். நாலே வரிதான் எழுதினாள். ‘பிரிவு பதினொன்றின்படி. குமிழ் அளவுகள் இரண்டையும் நான் படிவத்தில் கட்டம் மாற்றி எழுதிவிட்டேன். தவறு முழுவதும் என்னுடையது. அவற்றை இடம் மாற்றிப் படிக்கவும்.’ கையெழுத்துப் போட்டாள். அறைச் சுவர்க் கடிகாரம் ஆறு காட்டியதும் காகிதத்தோடு சேர்த்து அனுப்பினாள்.

அதே ஆறு மணிக்குத் தொலைநகல் இயந்திரம் முனகியது. அக்கரையிலிருந்து அன்றைய காகிதம் வந்தது. நீர்மட்டம், தூண் அளவு, எல்லாம் ஒழுங்கு. வழக்கமாக அத்தோடு இயந்திரம் அடங்கிவிடும். அன்றைக்கு அடங்கவில்லை. இரண்டாவது தாள் ஒன்று மெல்ல வெளியே வந்தது.

‘பிரிவு பதினொன்றின்படி. குமிழ் அளவுகள் இரண்டையும் நான் படிவத்தில் கட்டம் மாற்றி எழுதிவிட்டேன். எதிர்க்கரை நிலையத் தலைவருக்கு இதில் பங்கில்லை.’

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். கண்டனக் கடிதம் அங்கே போயிருக்கிறது, அவரையும் யாரோ மேஜைக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள், அவரும் இரவெல்லாம் யோசித்திருக்கிறார் என்பதெல்லாம் ஒரு நொடியில் புரிந்தது. அடுத்த நொடியில் வேறொன்றும் புரிந்தது. அவள் இடம் மாற்றிவிட்டாள். அவரும் இடம் மாற்றிவிட்டார். மாற்றியதை மறுபடி மாற்றினால்? முப்பத்தாறு பழைய இடத்துக்கே போகும், ஒன்பதும் பழைய இடத்துக்கே போகும். பழைய தப்பு இப்போது இரண்டு கையெழுத்தோடு உட்கார்ந்திருக்கும். சாண் ஏற முழம் சறுக்கிய கதை.

“அட மனுஷா!” என்று ஜன்னலைத் திறந்து ஆற்றைப் பார்த்துக் கத்தினாள். “பத்தொன்பது வருஷம் ஆச்சு, இன்னுமா இந்தப் பழக்கம் போகல!” கரையில் நடைப்பயிற்சி போன ஒருவர் தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து வேகமாக நடந்தார்.

பத்து மணிக்கு இஸ்திரி வந்தபோது அவர் பொறுப்பிலுள்ள அந்த இரண்டு கடிதங்களின் நகல்களும் விடுதிக்கே வந்து அவர் கையில் இருந்தன. மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு பென்சிலை எடுத்து ஓரத்தில் கணக்குப் போட்டார். அடித்தார், திரும்பப் போட்டார். அவள் மேஜையின் இந்தப் பக்கமிருந்தே கணக்கைச் சரிபார்த்தாள். தப்பாகப் போடவில்லை. ஆள் கெட்டிக்காரர்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“ஒரு தடவை இடம் மாத்தினா எல்லா வருஷத்துக் கணக்கும் சென்டிமீட்டர் பிசகாம நேராகுது,” என்றார் கடைசியில். “ஐம்பத்தி நாலு காணாமப் போகுது. ரெண்டு தடவை மாத்தினா திரும்ப வந்துடுது. அதாவது ஏதோ ஒரு கடிதம்தான் உண்மையா இருக்க முடியும்.”

“என்னுதை எடுத்துக்கங்க சார். அவருதை விட்டுடுங்க.”

“எத்தனை தடவை பாத்திருக்கீங்க அவரை?”

“ஒரே தடவை. மூணு நாள்.”

“மூணு நாள் பழக்கத்துக்கா வேலையைப் பணயம் வெக்கறீங்க?”

“பத்தொன்பது வருஷமா தினம் ஆறு மணிக்குப் பழக்கம் சார். அவர் எண் ஒருநாள்கூடப் பொய் சொன்னதில்ல. நீங்க சொல்லுங்க, உங்களுக்குத் தெரிஞ்சவங்கள்ல எத்தனை பேரைப் பத்தி அப்படிச் சொல்ல முடியும்?”

இஸ்திரி அக்கரைக்காரரின் கடிதத்தை மட்டும் எடுத்துக் கோப்பில் வைத்தார். அவளுடைய கடிதத்தை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், எட்டாக மடித்தார். சட்டைப் பைக்குள் திணித்தார். அந்தச் சட்டை வாழ்க்கையில் முதல்முறையாகக் கசங்கியது.

“உங்க கடிதம் எனக்கு வரவே இல்ல மேடம்.”

“சார்!”

“கேளுங்க. எதிரி நாடு தன் தப்பை எழுத்து மூலமா ஒத்துக்கிட்ட கடிதம் ஒண்ணு என்கிட்ட இருக்கு. இத்தனை வருஷத்துல இதுதான் முதல் தடவை. இதை எடுத்துட்டுப் போனா அமைச்சர் என்னைத் தலையில தூக்கி வெச்சுக்குவார். தப்பு நம்ம பக்கம்னு உங்க கடிதத்தை எடுத்துட்டுப் போனா எங்க தூக்கிப் போடுவார்னு உங்களுக்கே தெரியும். நான் எதை எடுத்துட்டுப் போகணும்?”

“அப்போ பழி அவர் தலையில விழுமே சார். அதுக்காகவா நான் இதை எழுதினேன்?” அவள் எழுந்தே விட்டாள். “அப்படின்னா நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். எந்தப் பேனாவுலயும்.”

“உக்காருங்க மேடம்.” இஸ்திரியின் உதட்டோரத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது. “அங்கயும் என்னை மாதிரி ஒருத்தன் இருப்பான். நல்லா இஸ்திரி போட்ட சட்டையில.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பெயர் இவருக்கு எப்படித் தெரியும்?

“எனக்கு எல்லா ஆபீஸ்லயும் அதான் பேர் மேடம். விடுங்க. அவன் மேஜையிலயும் இந்நேரம் ரெண்டு கடிதம் இருக்கும். ஒண்ணு அவங்க ஆளு எழுதினது. இன்னொண்ணு எதிரி நாடு எழுத்து மூலமா ஒத்துக்கிட்டது. அவன் எதைப் பையில திணிப்பான், எதை எடுத்துட்டுப் போவான்?”

அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க முகம் மலர்ந்தது. உட்கார்ந்தாள். கிளம்பும்போது இஸ்திரியின் கண் அலமாரியில் இருந்த கோப்பின் மேல் விழுந்தது. ‘அக்கறை நிலையம்.’ எழுத்துப் பிழை பொறுக்காத கை தானாகப் பேனாவை எடுத்தது. மூடியைக் கழற்றினார், ஒரு நிமிடம் பார்த்தார், மூடியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த மனிதர் சொன்னபடி நடக்கும் என்று என்ன நிச்சயம்? ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை நம் பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்தது: அண்டை நாடு தவறை ஒப்புக்கொண்டது, நாம் பெருந்தன்மையுடன் மன்னித்தோம், பரிமாற்றம் தொடரும். அன்று மாலை கணவர் வானொலியைத் திருகித் திருகி அந்த நாட்டு நிலையத்தைப் பிடித்தார். அண்டை நாடு தவறை ஒப்புக்கொண்டதாம், அவர்கள் பெருந்தன்மையுடன் மன்னித்தார்களாம், பரிமாற்றம் தொடருமாம்.

“இதென்னம்மா அதிசயம்,” என்றார் கணவர். “சண்டைன்னா ஒருத்தன் ஜெயிப்பான். ரெண்டு பேரும் தோத்தும் பாத்திருக்கேன். ரெண்டு பேரும் ஜெயிச்ச சண்டையை இப்போதான் பாக்கறேன்.”

“ரெண்டு பெரியவங்க ஒரே சீட்டுக்கு நின்னாங்கன்னு சொன்னீங்களே. இந்தத் தடவை ரெண்டு பேருக்குமே சீட் கிடைச்சிடுச்சு,” என்றாள் அவள். அக்கரைக்காரர் பத்திரமாக இருக்கிறார் என்ற நிம்மதியில் அன்று அவளுக்குப் பாடக்கூடத் தோன்றியது. குரல் ஒத்துழைக்காது என்பதால் விட்டுவிட்டாள்.

ஒன்பதாம் நாள் காலை ஆறு மணிக்கு வந்த எண்ணைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஒரே இரவில் ஒன்றரை மீட்டர் ஏறியிருந்தது. குறிப்புக் கட்டம் காலி. எழுத அவருக்கு நேரமில்லை. அவளுக்கும் நேரமில்லை. ஆறு ஐந்துக்குச் சங்கு ஊதியது. ஆறு பத்துக்கு மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னாள்: “தண்ணி ரெண்டு மணிக்கு வரும். முன்வாசல் மூணாவது படியில நிக்கும். தரைத்தளத்துல ஒருத்தரையும் வெக்காதீங்க.” எட்டு மணிக்குக் கணவரின் பேருந்து கீழ்த்தெருவிலிருந்து மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு முதல் நடை போனது. ஒரு மணிக்குள் பதினாலு நடை போய்விட்டது. ஒருவரும் இடத்துக்காக மரியாதை பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, ஏறுங்க ஏறுங்க என்று அவர் வழியெல்லாம் கத்தினாராம்.

தண்ணீர் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு வந்தது. காலியான கீழ்த்தெருவில் நுழைந்தது, வீடுகளில் ஏறியது, மருத்துவமனை முன்வாசலில் மூன்றாவது படிக்கு வந்து நின்றது. தலைக்கு மேல் போகவில்லை. போக அங்கே ஒரு தலையும் இல்லை. அந்த எண் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவள் ஒரே ஒரு தடவை நினைத்துப் பார்த்தாள். அதற்குமேல் நினைக்க முடியவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக் காகிதத்தில் நீர்மட்டம் இறங்கியிருந்தது. அதைப் படித்து முடித்த பிறகுதான் குறிப்புக் கட்டத்தைப் பார்த்தாள்.

‘பலகையில் சேறு. துடைத்தாயிற்று. மன்னிக்கவும், இந்த முறையும் உங்கள் கடலில் எழுதிவிட்டேன்.’

எண்ணைச் சொல்லவில்லை, பிரிவு பதினொன்றின் கடிதத்தைத்தான் சொல்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே ஆறு கலங்கலாக, தன் போக்கில், அங்கிருந்து இங்கே வந்துகொண்டிருந்தது. தலைநகரத்தில் எல்லாக் காகிதத்தையும் படிக்கிற ஒருவர் இதையும் படிப்பார். படித்துவிட்டு எந்தக் கடல் என்று கேட்கமாட்டார். பேனாவை எடுத்து, அன்றைய எண்களையெல்லாம் ஒழுங்காக நிரப்பி, கடைசிக் கட்டத்துக்கு வந்தாள்.

‘இங்கும் சேறு. இங்கும் துடைத்தாயிற்று. நானும் உங்கள் கடலில்.’